ஒரு துளியும் சிந்தவில்லை

எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்று எல்லா வீட்டிலும்தான் தொண்டை வறளச் சொல்கிறார்கள். யாரும் கேட்பதில்லை. பேக்கரி மாஸ்டர் வீட்டில் மட்டும் அது சட்டம். உப்பு ஜாடி அலமாரியின் இடது கோடியில் இருக்கும், அதன் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம். அடுத்தது சர்க்கரை, அதற்கு வளையம் கிடையாது. டீத்தூள் டப்பாவின் மூடியில் சட்டைப் பொத்தான் ஒன்று ஒட்டியிருக்கும். செருப்புகள் கதவுக்குப் பின்னால், முக்காலி ஜன்னலுக்குக் கீழே சுவரை ஒட்டி. விருந்தாளி யாராவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால், அவர் எழுந்த மறுநொடி மாஸ்டரின் மனைவி அதைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடுவாள். வந்தவர்களை உட்காரவிடாமல் நாற்காலியைப் பிடுங்குகிறவள் என்று தெருவில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. பெயர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மாஸ்டருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஒரு கண் முழு இருட்டு. மற்றதில் நடுவே ஒரு பொட்டு அளவுக்குப் பார்வை மிச்சம். "ஓரமெல்லாம் நரம்பு காஞ்சுபோச்சு. நடுவுல இருக்கிறதை எவ்வளவு நாளைக்குக் காப்பாத்த முடியும்னு பார்ப்போம்" என்று கண் டாக்டர் சொல்லி ஏழு வருஷம் ஆகிறது. அந்தப் பொட்டுக்குள் ஒரு முகம் வந்து விழுந்தால் மாஸ்டருக்கு முகம் தெரியும். அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் கையில் என்ன வைத்திருக்கிறார், காலடியில் பள்ளமா மேடா என்பதெல்லாம் தெரியாது.

அந்த ஏழில் முதல் ஐந்து வருஷத்தை அவர் பேக்கரியில் யாருக்கும் தெரியாமல் ஓட்டினார் என்றால் நம்ப முடியாது, ஆனால் ஓட்டினார். மாவு பதம் வந்துவிட்டதா என்பது விரலுக்குத் தெரியும். ரொட்டி வெந்ததா என்று பார்க்க அடிப்பாகத்தைத் தட்டினால் போதும், வெந்த ரொட்டி வெற்றுக் கூடு போலச் சத்தம் கொடுக்கும். அடுப்பு எத்தனை எட்டில், மேசை எத்தனை எட்டில் என்பது காலுக்கு மனப்பாடம். ஒரு நாள் யாரோ ட்ரே வண்டியைக் கழுவிவிட்டு அரை அடி தள்ளி நிறுத்திவிட்டார்கள். மாஸ்டர் நாற்பது ரொட்டியோடு அடுப்புக் கதவின் மேல் போய் விழுந்தார். இடது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் வழன்றுபோனது. முதலாளி நல்ல மனுஷன்தான், ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொண்டார். வேலையைத்தான் திருப்பிக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு மனைவியின் லாண்டரிச் சம்பளம்தான். அது சோற்றுக்குப் போதும், வாடகைக்குப் போதாது. கையிருப்பு இருந்தவரைக்கும் சமாளித்தார்கள். இப்போது அரசாங்கத்தின் ஊனமுற்றோர் உதவித்தொகை வந்தால் அந்த வீட்டில் இருக்கலாம், வராவிட்டால் காலி செய்துவிட்டு அவளுடைய தம்பி வீட்டு மாடி அறைக்குப் போக வேண்டும். தம்பி தங்கமானவன். வேன் ஓட்டுகிறவன், மூன்று குழந்தைகள். "எப்ப வேணா வாங்கக்கா" என்று சாவியைக்கூடக் கொடுத்துவைத்திருந்தான். ஒரு கல்யாணத்துக்காக அங்கே இரண்டு நாள் தங்கியபோது தரையெல்லாம் பொம்மை, பை, மூன்று சக்கர சைக்கிள். மாஸ்டர் அந்த இரண்டு நாளும் கட்டிலை விட்டு இறங்கவில்லை. கழிப்பறைக்கு மட்டும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய் வந்தார். தன் வீட்டில் டீ போட்டு, முட்டை பொரித்து, தரை துடைத்து வைக்கிற மனுஷன் அங்கே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை அவளால் மறக்க முடியவில்லை. அந்த மாடி அறைக்குப் போனால் அவருக்கு மிச்சமிருக்கிற கண்ணும் போன மாதிரிதான் என்று அவளுக்குத் தெரியும்.

தம்பிதான் ஃபாரம் பூர்த்தி செய்து கொடுத்தான். முப்பத்தெட்டுப் பக்கம். குளிக்க முடியுமா, சமைக்க முடியுமா, பொத்தான் போட முடியுமா, தெரியாத இடத்துக்குத் தனியாகப் போக முடியுமா என்று கேள்விகள்.

"என்ன நோய்னு அவங்களுக்குக் கவலையே இல்லக்கா. டாக்டர் சீட்டை வாங்கி ஓரமா வெச்சுருவாங்க. என்ன செய்ய முடியல, அதுதான் கணக்கு. வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பார்ப்பாங்க."

வீட்டுக்கு ஆள் வருகிறது என்றதும் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு தப்பு செய்தார்கள். தப்பு என்று அப்போது அவர்களுக்குத் தெரியாது. வருகிறவர் அதிகாரி, அதுவும் பெண், முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறார். அவள் தரையை இரண்டு முறை துடைத்தாள். லாண்டரிக்காரி வீட்டில் கசங்கிய சட்டை எதற்கு என்று முழுக்கைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து, தானே பொத்தானும் போட்டுவிட்டாள். கையிலிருந்த சூட்டுத் தழும்பு அதற்குள் மறைந்துபோனது. மாஸ்டர் ஒட்ட முகம் மழித்துக்கொண்டு, கதவு தட்டும் சத்தம் கேட்டதும் தானே போய்த் திறந்தார்.

"வாங்கம்மா, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க. அந்த நாற்காலியில உக்காருங்க, காத்து நல்லா வரும்."

அந்த அம்மாள் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்கக் கேட்க, மாஸ்டர் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பி, பொட்டுக்குள் அவர் முகத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

"தனியா குளிப்பீங்களா?"

"குளிப்பேம்மா. அதுக்கு எதுக்கு ஆள்?"

"சமையல்?"

"நான் முப்பது வருஷம் அடுப்புக்கு முன்னாடி நின்னவன்மா."

"ஏங்க, வெளிய போனா…" என்று மனைவி இடையில் வாயைத் திறந்தாள்.

"வெளிய போனா இவ கூட வருவாம்மா. அது ஒரு பெரிய விஷயமா? இருங்க, ஒரு டீ குடிச்சுட்டுப் போங்க."

பேக்கரியில் அவர் கற்ற பாடம் அது. முடியுமா என்று யாராவது கேட்டால் முடியும் என்று சொல்ல வேண்டும். முடியாது என்று சொன்னவனை மறுநாள் கூப்பிட மாட்டார்கள். மாஸ்டர் எழுந்து நேராக அடுப்படிக்குப் போனார். அடுப்படி அந்த அறையிலேயே மறு கோடியில் இருந்தது, நடுவில் கதவு கிடையாது. அதிகாரி அம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்க்கலாம். மாஸ்டர் டப்பா திறந்து, தண்ணீர் ஊற்றி, கொதிக்கும் சத்தத்தைக் கேட்டு இறக்கி, விளிம்புக்கு ஒரு விரல் கீழே நிற்கும்படி ஊற்றிக் கொண்டுவந்து நீட்டினார். அம்மாள் "டீ பிரமாதம் சார்" என்று சிரித்துக்கொண்டே போனார். மாஸ்டருக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். அவளுக்கு மட்டும் அந்தச் சிரிப்பு சரியாகப் படவில்லை.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. முடியாத காரியங்களுக்கென்று மொத்தம் பன்னிரண்டு மதிப்பெண் வேண்டும், கிடைத்தது நான்கு. கூடவே அறிக்கையும் இருந்தது. அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். "விண்ணப்பதாரர் நேர்த்தியாக உடுத்தியிருந்தார். கேள்வி கேட்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசினார். வீட்டினுள் எதையும் பிடிக்காமல் தடையின்றி நடமாடினார். சூடான தேநீர் தாமே தயாரித்து வழங்கினார். ஒரு துளியும் சிந்தவில்லை."

"அதைத் திரும்பப் படி" என்றார் மாஸ்டர்.

"எதை?"

"கடைசி வரியை."

"ஒரு துளியும் சிந்தவில்லை."

"அப்படியேவா எழுதியிருக்கு?" அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்ததை அவள் பார்த்தாள். அடக்கத்தான் பார்த்தார், அடங்கவில்லை. அவளுக்கு அந்தக் கடிதத்தை அவர் தலையிலேயே அடிக்க வேண்டும் போல இருந்தது. அழுகையும் வந்தது.

தம்பி மேல்முறையீடு போட்டான். வேறொரு அதிகாரி வந்து மறுபடி பார்ப்பார் என்று பதில் வந்தது. இந்தத் தடவையும் இல்லை என்று சொல்லிவிட்டால் ஒரு வருஷத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. வீட்டுக்காரரோ வாடகைப் பாக்கிக்கு அடுத்த மாதக் கடைசி வரைக்கும்தான் தவணை கொடுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்து மாஸ்டர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவள் ரொட்டியும் வெங்காயம் போட்ட முட்டையும் கொண்டுவந்து வைத்தாள், தட்டின் விளிம்பை அவர் விரலில் தொட்டுக் காட்டி.

"மாமா, இந்தத் தடவை டீ கீ போட்டு அசத்தக் கூடாது. சொல்லிட்டேன்."

"வந்தவங்களுக்கு டீ குடுக்கிறது குத்தமாடா?"

"அக்கா குடுக்கட்டும். நீங்க உக்காந்த இடத்துல உக்காந்திருங்க. எந்திரிச்சா சுவத்தைப் புடிச்சு எந்திரிங்க. கொஞ்சம் தடவி நடங்க."

"மச்சான், என்னை நாடகத்துல சேக்கப் பாக்குறியா?"

"நாடகம் இல்ல மாமா. வெளிய நடக்கிற மாதிரி வீட்டுல நடந்து காட்டுங்க, அவ்வளவுதான்."

"வீட்டுக்குள்ள எனக்கு முடியுதுடா. முடியிறதை முடியலன்னு எப்படிச் சொல்றது? பொய் சொல்லி வாங்குற காசு எனக்கு வேணாம். குருடன் மாதிரி நடிக்க எனக்கு வராது."

அவளுக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நடிக்க வராதா? இத்தனை வருஷமா என்னங்க பண்றீங்க? கண்ணு தெரியிற மாதிரி நடிச்சுக்கிட்டுதானே இருக்கீங்க!"

தம்பி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். மாஸ்டர் ரொட்டியைப் பிய்த்தவர் பிய்த்தபடி இருந்தார். பிறகு அதை வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"முட்டையில உப்பு கம்மி" என்றார்.

அவள் இன்னொன்றும் சொல்ல நினைத்தாள். முடிகிறது என்றால் அது உங்களால் இல்லை, நான் ஒவ்வொரு பொருளையும் ஏழு வருஷமாகக் கட்டிக் காவல் காப்பதால் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொல்லிவிட்டால் அந்த மனுஷனிடம் மிச்சம் என்ன இருக்கும்? விழுங்கிவிட்டாள். உப்பு ஜாடியை எடுத்துத் தூவிவிட்டு, அதை அதன் இடத்தில் வைத்தாள்.

அவள் வேலை பார்த்த லாண்டரி ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுப்பது. நீராவியில் சுவரெல்லாம் வியர்க்கும். தேய்க்கிற உருளையிலிருந்து வெந்து வருகிற விரிப்பை இரண்டு பெண்கள் இரு முனையில் பிடித்து, உதறி, மடித்து, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். நாளைக்கு ஐந்நூறு விரிப்பு. கை தன் பாட்டுக்குச் செய்யும், மனசு எங்கே வேண்டுமானாலும் போகலாம். அந்த வாரம் முழுக்க அவள் மனசு தன் வீட்டு அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து அடுப்படிக்குப் போகிற வழியில் சுற்றியது. என்னதான் சொன்னாலும் அவர் டீ போட எழுந்திருப்பார், அது நிச்சயம். அங்கே எதுவும் இல்லாவிட்டால் ராஜா மாதிரி போவார். ஏதாவது ஒன்று இருந்தால்?

அந்த நினைப்பு வந்ததும் அவள் கை நழுவி விரிப்பின் முனை தரையில் விழுந்தது. எதிரே நின்றவள் திட்டினாள். இவளுக்குக் காதில் விழவில்லை. நாற்பது ரொட்டியோடு அடுப்புக் கதவில் விழுந்த கை கண் முன்னால் வந்து நின்றது. சீ, நான் ஒரு மனுஷியா என்று நினைத்தாள். அடுத்த விரிப்பை மடிக்கும்போது மறுபடியும் அதையே நினைத்தாள்.

அதிகாரி வருகிற அன்று காலையிலிருந்து நல்ல மழை. அவள் அரை நாள் விடுப்பு எடுத்திருந்தாள். மாஸ்டர் குளிக்கப் போனார். உள்ளே செம்பு தண்ணீர் மொள்கிற சத்தம் கேட்டது. அவள் அறை நடுவில் நின்று அங்கிருந்த பொருள்களை ஒன்றொன்றாகப் பார்த்தாள். ஜாடியை மாற்றலாம், உப்பு டீயைக் குடித்து அதிகாரி முகம் சுளிப்பார், அவ்வளவுதான். அதற்கு யாராவது மதிப்பெண் போடுவார்களா? அவள் ஜன்னலண்டை போய் முக்காலியைத் தூக்கினாள். கனமே இல்லாத முக்காலி, அவளுக்கு மூச்சு வாங்கியது. நாற்காலிக்கும் அடுப்படிக்கும் நடுவே வைத்தாள். எடுத்துவிட்டாள். குளியலறையில் தண்ணீர் சத்தம் நின்றது. மறுபடியும் வைத்துவிட்டு, பாவி, பாவி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள். மாஸ்டர் குளியலறையிலிருந்து சுவரோரமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் முக்காலி இல்லை.

இந்தத் தடவை வந்தவர் வயதான ஆண். நனைந்த குடையை உள்ளே கொண்டுவந்து கதவருகே தரையில் வைத்தார். அவள் சட்டென்று குனிந்து அதை எடுத்து மூலையில் சாய்த்தாள். வைத்த பிறகுதான் தான் செய்தது உறைத்தது. முகம் எரிந்தது.

அதிகாரி அதிகம் சிரிக்கிற ஆள் இல்லை. காகிதத்தில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"போன தடவை எல்லாம் நீங்களே செஞ்சுக்கிறதா சொல்லியிருக்கீங்க."

"ஆமாங்க ஐயா."

"இப்பவும் அப்படித்தானா?"

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். மச்சான் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், முகத்தில் ஒரு தடுமாற்றம் ஓடியது. அவள் காத்திருந்தாள். சொல்லுங்க, வாயைத் திறந்து சொல்லுங்க, நான் போய் அதை எடுத்துவிடுகிறேன்.

"வீட்டுக்குள்ள ஒண்ணும் கஷ்டம் இல்லைங்க ஐயா" என்றார் மாஸ்டர். "மழையில வந்திருக்கீங்க. சூடா ஒரு டீ போடட்டுமா?"

எழுந்துவிட்டார். அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். மாஸ்டர் தலை நிமிர்ந்து, கையை வீசி, முதல் எட்டு வைத்தார். இரண்டாவது எட்டு. விளக்கு வெளிச்சத்தில் முக்காலி பளிச்சென்று நின்றது.

"நில்லுங்க!"

அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. மாஸ்டர் தூக்கிய காலைத் தூக்கியபடி நின்றார். முக்காலிக்கும் அவர் முழங்காலுக்கும் நாலு விரல்தான் இடைவெளி. அவருடைய இரண்டு கைகளும் மெல்ல மேலே வந்து, முன்னால் நீண்டு, காற்றைத் தடவின. அந்த வீட்டுக்குள் அவர் கை அப்படி நீண்டதை அவள் பார்த்ததில்லை.

"என்ன? என்ன இருக்கு?"

"முக்காலி" என்றாள். அழுதுகொண்டிருந்தாள்.

அதிகாரி எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"இங்க ஒரு முக்காலி இருக்கு. உங்களுக்குத் தெரியலையா?"

மாஸ்டர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, குனிந்து, பொட்டுக்குள் அதைப் பிடிக்கப் பார்த்தார். பிடிபடவில்லை.

"நேரா கீழ பாருங்க."

"தெரியல" என்றார் மாஸ்டர்.

ஏழு வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டது அன்றுதான். சின்னக் குரலில், யாரிடமோ மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். அதிகாரி அவர் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்.

"போன தடவை எப்படிம்மா டீ போட்டார்?"

"அவருக்குக் கண்ணு இந்த வீடுதாங்க. பொருள் அது அது இடத்துல இருந்தா நடப்பார். தெருவுல பத்தடி நடக்க முடியாதுங்க. ஏங்க, கையைக் காட்டுங்க, சட்டையை மடிச்சுக் காட்டுங்க."

மாஸ்டர் மறுபேச்சு இல்லாமல் சட்டையை மடித்துத் தழும்பைக் காட்டினார். அதிகாரி இன்னும் அரை மணி நேரம் இருந்தார். இப்போது கேட்டதற்கெல்லாம் மாஸ்டர் உள்ளதைச் சொன்னார். முடியாதுங்க, இவதான் செய்வா, தெரியாதுங்க, போனதில்லைங்க. குடையை எடுத்துக்கொண்டு போகும்போது அதிகாரி முக்காலியை ஒருமுறையும் அவளை ஒருமுறையும் பார்த்தார்.

கதவைச் சாத்திவிட்டு அவள் முக்காலியைத் தூக்கி ஜன்னலுக்குக் கீழே வைத்தாள். சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினார் மாஸ்டர்.

"அது எப்படி அங்க வந்துச்சு?"

தம்பி வைத்திருப்பான் என்று சொல்லலாம். மழைக்குத் துணி காயப்போட நகர்த்தினேன் என்று சொல்லலாம். இரண்டு பொய்யும் தயாராக இருந்தன.

"நான்தான் வெச்சேன்."

"எப்ப?"

"நீங்க குளிக்கும்போது."

வெளியே மழை ஓட்டின் மேல் அடித்தது. மாஸ்டர் உள்ளங்கையால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா தாண்டிப் போயிருப்பீங்க."

அவர் சிரிப்பார் என்று அவள் நினைத்தாள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பார். "போயிருப்பேன்தான்" என்றார், அவ்வளவுதான். அன்று டீயை அவள்தான் போட்டாள்.

கடிதம் ஐந்தாவது வாரம் வந்தது. பதினான்கு மதிப்பெண். உதவித்தொகை உண்டு, வருகிற மாதத்திலிருந்து. அவள் வாசலிலேயே பிரித்துப் படித்து, நம்பாமல் இன்னொரு தடவை படித்து, தம்பிக்குப் போன் செய்தாள். அவன் வேனை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கத்திய கத்தல் மாஸ்டருக்கே கேட்டது.

"கிடைச்சிருச்சுங்க! நாம எங்கயும் போக வேணாம்!"

"நல்லது. வீட்டுக்காரர்கிட்ட முதல்ல சொல்லிடு. வேற யாருக்காவது வாடகைக்குப் பேசிடப் போறார்."

"சொல்றேன். உங்களுக்குச் சந்தோஷம்தானே?"

"சந்தோஷம்தான். இல்லாம என்ன?" அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இரு, டீ போடறேன்."

எழுந்தவர் நகரவில்லை. அவள் காத்திருந்தாள். அறை துடைத்துப் பளிச்சென்று இருந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது, வேலைக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அவளே பார்த்துவிடுகிறாள்.

"வழியில ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லங்க."

அவர் வலது காலை முன்னால் நீட்டிப் பெருவிரலால் தரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இடது கால். கை சுவரைத் தேடியது.

"அதான் இல்லன்னு சொன்னேன்ல?"

"சொன்ன" என்றார் மாஸ்டர். காலால் தரையைத் தடவிக்கொண்டே போனார்.